பழைய டிராக்டருக்கு எந்த நிறம், எந்தப் பெயிண்ட்?

ஹாரி ஃபெர்குசன் 1933-இல் பெல்ஃபாஸ்டில் கட்டி முடித்த முதல் டிராக்டர் கறுப்பு. இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்த ஒற்றை வண்டிக்கு 'பிளாக் டிராக்டர்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. 1936-இல் டேவிட் பிரவுன் ஆலை வழியாக அந்த வடிவமைப்பு விற்பனைக்கு வந்தபோது சாம்பல் நிறத்துக்கு மாறியிருந்தது. ஹென்றி ஃபோர்டோடு கைகோத்து 1939-இல் இறக்கிய 9என், மேலிருந்து கீழ்வரை அடர்சாம்பல். கூட்டு முறிந்து, 1947-இல் ஃபோர்டு தனியாக 8என்னைக் கொண்டுவந்தபோது தகடுகளுக்கு வெளிர்சாம்பலும், என்ஜினுக்கும் அடிப்பகுதிக்கும் சிவப்பும் அடித்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் இங்கிலாந்தின் கோவென்ட்ரியில், பேனர் லேன் ஆலையிலிருந்து 1946 முதல் 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்த டீஈ-20 முழுவதும் ஒரே சாம்பல். 1956-இல் வந்த எஃப்ஈ-35-க்குத் தகடு சாம்பல், என்ஜினும் கியர்பாக்ஸும் பொன்னிறம். அடுத்த ஆண்டின் இறுதியில் அதே வண்டி மாஸ்ஸி ஃபெர்குசன் 35 என்று பெயர் மாறி, சிவப்புப் பானட்டோடு வந்தது. அந்த 35-இன் வழிவந்ததுதான் சென்னையில் டாஃபே நிறுவனம் தயாரித்து, தமிழ்நாட்டு வயல்களில் ஒரு தலைமுறை ஓடிய 1035.

ஒரே மனிதரின் யோசனையில் பிறந்த வண்டிக்குக் கால் நூற்றாண்டுக்குள் இத்தனை தோற்றம். அதனால் "இதன் அசல் நிறம் என்ன?" என்று கேட்டு வருகிறவரிடம் "எந்த வருஷத்து வண்டி?" என்று திருப்பிக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. மாஸ்ஸி என்றால் சிவப்பு, ஃபெர்குசன் என்றால் சாம்பல், ஜான் டியர் என்றால் பச்சை என்பதெல்லாம் விளம்பரப் பலகைக்குப் போதும், பட்டறைக்குப் போதாது.

மற்ற கம்பெனிகளின் கதையும் இதுதான். ஃபோர்ட்சன் டிராக்டர் 1933-இல் இங்கிலாந்தின் டேகன்ஹாம் ஆலைக்கு வந்தபோது நீலம். 1937-இல் ஆரஞ்சு. போர் தொடங்கியதும் பச்சை. திறந்த வயலில் நிற்கும் ஆரஞ்சு வண்டி எதிரி விமானத்துக்குப் பளிச்சென்று தெரியும் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். போர் முடிந்து 1945-இல் வந்த மேஜர் மறுபடியும் நீலம். அமெரிக்காவில் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1936 நவம்பரில் தன் ஃபார்மால் வண்டிகளைச் சாம்பலிலிருந்து சிவப்புக்கு மாற்றியது. அல்லிஸ்-சால்மர்ஸ் அதற்கும் முன்பே, 1929-இல், பச்சையை விட்டு ஆரஞ்சுக்குப் போய்விட்டது. கேஸ் கம்பெனி 1939-இல் சாம்பலைக் கைவிட்டுச் சிவப்புக்கு வந்தது. இந்தப் பத்துப் பதினைந்து ஆண்டுகளை வரிசையாகப் பார்த்தால் ஒன்று புரியும். குதிரையோடு போட்டியிட்ட காலத்தில் டிராக்டர் ஓர் இயந்திரம்; இயந்திரத்துக்குச் சாம்பல் போதும். டிராக்டர் டிராக்டரோடு போட்டியிடத் தொடங்கியதும், சாலையில் போகிறவன் தொலைவிலிருந்தே இது யாருடைய வண்டி என்று சொல்ல வேண்டியிருந்தது. வடிவமைப்பாளர்கள் ஹென்றி டிரைஃபஸ் ஜான் டியருக்கும் ரேமண்ட் லோவி ஃபார்மாலுக்கும் முகம் வரைந்து கொடுத்ததும் இதே காலத்தில்தான். நிறம் அப்போதே விற்பனைத் துறையின் கைக்குப் போய்விட்டது.

ஆலையில் நிறம் மாறிய தேதியைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போடுகிறவர்கள் உண்டு. தேதி உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அன்று காலை பழைய நிறத்து உதிரிகளை யாரும் தூக்கி எறிந்திருக்க மாட்டார்கள். அதற்கப்புறம் எழுபது ஆண்டுகளில் பானட் ஒரு வண்டியிலிருந்தும் மட்கார்டு இன்னொன்றிலிருந்தும் வந்து சேர்ந்திருக்கும். புத்தகத்தைவிட வண்டியையே சாட்சிக்கு அழைப்பது நல்லது.

வண்டியில் அசல் நிறம் ஒளிந்திருக்கும் இடங்கள் தெரிந்தவைதான். டீசல் டாங்கைக் கட்டியிருக்கும் பட்டைக்கு அடியில், மீட்டர் தகட்டின் பின்புறத்தில், டூல் பாக்ஸின் உள்ளே, பேட்டரித் தட்டின் கீழே, பெயர்ப் பட்டயத்தைக் கழற்றினால் அதன் பின்னால். வெயிலும் மழையும் படாத அங்கெல்லாம் மங்காத பெயிண்ட் ஒரு விரலகலமாவது மிஞ்சியிருக்கும். இன்னொரு வழி: ஓரிடத்தில் நுண்ணிய தண்ணிப் பேப்பரால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே போனால், மேலே கடைசியாக அடித்தது, அதற்கு முன்பு அடித்தது, பிரைமர், இரும்பு என்று வளையம் வளையமாகத் தெரியும். இரும்புக்கு மேல் உள்ள பிரைமரை அடுத்து வரும் வளையமே ஆலையின் நிறமாக இருக்க வாய்ப்பு அதிகம். நான்கைந்து இடங்களில் இப்படிப் பார்த்து ஒத்துப்போனால் நம்பலாம். இதைச் செய்யும்முன் வண்டியைக் கழுவி, எல்லாப் பக்கமும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்துகள், கோடுகள், ஸ்டிக்கர் இருந்த இடங்களை அளவுகோல் வைத்து எடுக்க வேண்டும். சுரண்டி முடித்தபின் அவை திரும்பக் கிடைக்காது.

நிறம் கிடைத்துவிட்டது, அதே நிறம் டப்பாவில் கிடைக்குமா? அப்படியே கிடைக்காது என்பதுதான் நேர்மையான பதில். அந்தக் கால மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் உயிர் கொடுத்தவை ஈயமும் குரோமியமும் கலந்த நிறமிகள். பச்சையிலும் அந்த மஞ்சள் ஒரு பாதி. குரோம் மஞ்சளோடு பிரஷ்யன் நீலம் சேர்த்துத்தான் பல பச்சைகள் பிறந்தன. இவை ஒரே கோட்டில் அடியை மூடிவிடும், வெயிலையும் தாங்கும். நஞ்சு என்பதால் பெரும்பாலும் கைவிடப்பட்டன. இன்றைய கரிம நிறமிகள் அதே சாயலைக் காட்டினாலும் மூடும் திறன் குறைவு. மஞ்சள் சக்கரத்துக்கு ஒரு கோட் கூடுதலாகக் கேட்கும். தவிர, வேறு வேறு நிறமிகளால் ஆன இரண்டு பூச்சுகள் வெயிலில் ஒன்றுபோலத் தெரிந்து, டியூப்லைட் வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும். கடையில் பொருந்திய நிறம் களத்துமேட்டில் பொருந்தாமல் போவதற்குக் கடைக்காரர் மேல் பழி சொல்லிப் பயனில்லை.

ஒரே பெயரில் இரண்டு கம்பெனிகள் விற்கும் 'ஃபெர்குசன் கிரே'யும் ஒன்றாக இருப்பதில்லை. ஒன்றில் நீலம் தலைகாட்டும், இன்னொன்றில் பழுப்பு. தேய்த்துப் பாலிஷ் போட்ட அசல் துண்டு ஒன்றை நிறமறியும் கருவியில் காட்டிக் கலக்கச் சொல்வது இன்று பெரிய ஊர்க் கடைகளில் முடிகிற காரியம். அப்போதும் ஒரு சின்னத் தகட்டில் அடித்து, காயவிட்டு, நிழலிலும் வெயிலிலும் வண்டியோடு வைத்துப் பார்த்த பிறகே முழு அளவு வாங்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது ஒரு நிறம், காய்ந்த பின் ஒரு நிறம் என்பது பெயிண்டின் இயல்பு. வாங்கும்போது மொத்தத்தையும் ஒரே கம்பெனியில், ஒரே தடவையில் வாங்கி, எல்லா டப்பாக்களையும் ஒரு பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டால், பானட்டும் மட்கார்டும் இரண்டு தாய்ப் பிள்ளைகளாக நிற்காது.

நிறத்தைவிட எனக்கு முக்கியமாகப்படுவது பளபளப்பு. இன்று கண்காட்சிகளில் பரிசு வாங்கும் பழைய டிராக்டர்கள் பலவும் ஆலையிலிருந்து ஒருநாளும் அப்படி வந்ததில்லை. பெரும்பாலும் முழு வண்டியையும் பூட்டி முடித்துத்தான் பெயிண்ட் தெளித்தார்கள். ரப்பர்க் குழாயிலும் மின்கம்பியிலும் நட்டிலும் ஒரே பூச்சு. மட்கார்டின் அடியில் பட்டும் படாமலும் இருக்கும். வார்ப்பிரும்பு மணல் அச்சிலிருந்து வந்த சொரசொரப்போடே நின்றது. அதைப் பட்டி போட்டு இழைத்துக் கண்ணாடியாக்குவது உழவு வண்டிக்கு வழக்கமில்லை. இன்று கியர்பாக்ஸ் மூடிக்குக்கூடப் பட்டி இழைத்து, கார்களுக்கான கிளியர் கோட் போட்டு, முகம் பார்க்கும்படி செய்கிறார்கள். அழகுதான். ஆனால் 1950-இன் டீஈ-20 என்று எழுதி வைத்துக்கொண்டு அதைக் காட்டுவது பொய்ச்சாட்சி. தகடுகளுக்கு மிதமான பளபளப்பு, வார்ப்புக்கு அதன் சொரசொரப்பு, இது போதும்.

அப்படியானால் பெயிண்டே அடிக்காமல் விட்டால் என்ன? இந்தக் கட்சியும் இன்று வலுத்து வருகிறது. அசல் பூச்சு ஒரு தடவைதான் உண்டு. சுரண்டிவிட்டால் போனது போனதுதான். எங்கே கால் வைத்து ஏறினார்கள், எந்தப் பக்கம் சாய்ந்து திரும்பிப் பார்த்தார்கள் என்பதெல்லாம் தேய்ந்த இடங்களில் தெரிகிறது. பாதிக்கு மேல் அசல் பெயிண்ட் ஒட்டியிருக்கும் வண்டியைச் சுரண்டாதீர்கள் என்பதே என் கட்சியும். கழுவி, துருவை மட்டும் நிறுத்தி, மெழுகு பூசினால் போதும். சிலர் ஆளி விதை எண்ணெய் தேய்க்கிறார்கள். அன்றைக்கு நிறம் பளிச்சென்று எழும். நாளடைவில் எண்ணெய் மஞ்சளித்து, தூசியைப் பிடித்துக்கொண்டு, பிசினாக இறுகிவிடும். பின்னால் மனம் மாறிப் பெயிண்ட் அடிக்க நினைத்தால் அதை எடுப்பதே தனி வேலை. மெழுகு அப்படிப் பிடிவாதம் பிடிக்காது.

நம் பக்கத்தில் நிலைமை பெரும்பாலும் வேறு. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்முன் ஒரு கோட், விற்கும்முன் ஒரு கோட், வாங்கியவர் ஆசைக்கு ஒரு கோட் என்று ஐந்தாறு அடுக்கு ஏறியிருக்கும். அசல் பூச்சு என்று காப்பாற்ற அங்கே எதுவும் இருக்காது. அத்தகைய வண்டிக்கே இனி வரும் வேலைகள்.

பெயிண்ட் வேலையில் பெரும்பகுதி பெயிண்டைத் திறப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. முதல் எதிரி துரு அல்ல, எண்ணெய். ஃபெர்குசன் வகை வண்டிக்குத் தனியாகச் சேஸ் கிடையாது. என்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்சில் மூன்றும் ஒன்றோடொன்று போல்ட்டில் இறுகி அவையே முதுகெலும்பாகின்றன. இணைப்பு ஒவ்வொன்றிலும் எண்ணெய் கசியும். ஆகவே கேஸ்கட், ஆயில் சீல், ஹைட்ராலிக் கசிவு எல்லாவற்றையும் முதலில் சரிசெய்து, வண்டியை ஓட்டிப் பார்த்து, சொட்டு நின்றது என்று உறுதியான பிறகே பெயிண்ட் பேச்சு. மண்ணெண்ணெய் போட்டுக் கழுவினால் அழுக்கு போகும். மண்ணெண்ணெயே ஒரு மெல்லிய படலமாகத் தங்கும். அதற்கு மேல் சோப்பு நீர், வெந்நீர், கடைசியில் கிரீஸ் நீக்கும் கரைப்பான் என்று மூன்று கட்டமாகப் போக வேண்டும். கரைப்பானை ஒரு துணியால் தடவி, காயும்முன் இன்னொரு சுத்தமான துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஒரே துணி என்றால் எண்ணெயை இடம் மாற்றி வைத்ததாகவே ஆகும். வார்ப்பிரும்பின் நுண்துளைகளில் ஊறிய எண்ணெய் வெயில் பட்டதும் மறுபடி வியர்க்கும். ஒருநாள் வெயிலில் நிறுத்தி, மறுநாள் மறுபடி துடைப்பது வீண் வேலையல்ல. சிலிக்கான் கலந்த டயர் பாலிஷ் பக்கத்துப் பட்டறையில் தெளித்தால்கூட, ஈரப் பெயிண்ட் விலகி வட்டவட்டமாக மீன்கண் விழும்.

பழைய பெயிண்டை எடுப்பதில் உடம்புக்கு இரண்டு ஆபத்துகள் உண்டு. இரண்டையும் நம் பட்டறைகள் லேசாக எடுத்துக்கொள்கின்றன. ஒன்று ஈயம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978-இல் தடுத்தார்கள். இந்தியாவில் 2016-இல் வந்த விதி, வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்று வரம்பிட்டு, அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. அது வீட்டுப் பெயிண்டுக்கும் அலங்காரப் பெயிண்டுக்கும் உரிய விதி. இயந்திரங்களுக்கு அடிக்கும் பெயிண்ட் அதில் அடங்காது. 1960-களின் மஞ்சளோ ஆரஞ்சோ சிவப்பு பிரைமரோ எதுவானாலும் ஈயம் உண்டு என்றே வைத்துக்கொள்வது நல்லது. கிரைண்டரில் டிஸ்க் மாட்டி உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் மூச்சிலும் முற்றத்து மண்ணிலும் சேரும். அங்கே குழந்தைகள் விளையாடுவார்கள். நீர் ஊற்றித் தேய்க்கலாம், ரசாயனத்தால் உரிக்கலாம். சுரண்டியதைத் தார்ப்பாயில் சேர்த்து அள்ள வேண்டும். வேலைத் துணியை வீட்டுத் துணியோடு துவைக்கக் கூடாது.

இரண்டாவது மணல். சாதாரண மணலைக் காற்றழுத்தத்தில் அடிக்கும்போது உடையும் சிலிக்கா தூள் நுரையீரலில் தங்கி சிலிக்கோசிஸ் நோயைத் தரும், அதற்கு மருந்தில்லை. பிரிட்டன் 1949-இலேயே இதற்கு விதி போட்டு மணலை விலக்கியது. மாற்றாக உலகமெங்கும் பயன்படும் கார்னெட் நம் தூத்துக்குடி, திருநெல்வேலிக் கரையின் செம்மணலில் கிடைக்கும் பொருள்தான். எதை வைத்து அடித்தாலும் பானட், மட்கார்டு போன்ற தட்டைத் தகடுகளில் அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இல்லாவிட்டால் தகடு நெளிந்து, டிங்கரிங் செலவு பெயிண்ட் செலவைத் தாண்டும். பூட்டிய என்ஜினுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிங் கூடவே கூடாது. ஒரு சிட்டிகைத் துகள் சீலைத் தாண்டி உள்ளே போனால் பேரிங் போய்விடும்.

சிறு தகடுகளுக்குச் சலவைச் சோடா கரைத்த நீரில் பேட்டரி சார்ஜர் கொண்டு மின்பகுப்பு செய்வது மெதுவான, ஆனால் இரும்பைத் தின்னாத வழி. பிளஸ் முனைக்கு எவர்சில்வர் வைக்கக் கூடாது, நச்சுக் குரோமியம் கரையும். சாதாரண இரும்புத் துண்டு போதும். ஹைட்ரஜன் வாயு எழுவதால் திறந்த வெளியில் செய்ய வேண்டும். காஸ்டிக் சோடா பெயிண்டை நன்றாக உரிக்கும், அலுமினியத்தையும் சேர்த்துத் தின்றுவிடும். 1939-இல் வந்த முதல் சில நூறு 9என் வண்டிகளின் பானட் அலுமினியம். அப்படி ஒன்று யார் கையிலாவது சிக்கி, அதைக் காஸ்டிக் தொட்டியில் போட்டால் கோடாலியால் வெட்டியதற்குச் சமம். மெத்திலீன் குளோரைடு கலந்த உரிப்பான்களை, மூடிய அறையில் ஆட்கள் செத்ததால், 2019-இல் அமெரிக்கா பொதுமக்களுக்கு விற்பதையே தடைசெய்தது.

இரும்பு வெளியே வந்ததும் அன்றைக்கே பிரைமர் அடிக்க வேண்டும். நம் காற்றில் ஒரு ராத்திரி போதும், செம்மை படர்ந்துவிடும். ரெட் ஆக்சைடு பிரைமர் மலிவு, எங்கும் கிடைக்கும். ஆனால் அது நீரை முழுதாகத் தடுப்பதில்லை. ரெட் ஆக்சைடு அடித்துவிட்டு 'பாதுகாப்பாக இருக்கிறது' என்று மழைக்காலம் முழுக்க வெளியில் நிறுத்தப்படும் வண்டிகள் உள்ளுக்குள் துருப்பிடித்துக்கொண்டுதான் இருக்கும். இரண்டு பாகமாக வந்து கலந்து அடிக்கும் எப்பாக்சி பிரைமர் விலை கூடுதல், ஒட்டும் பிடியும் நீர்த்தடுப்பும் வேறு ரகம். செலவழிக்க ஓரிடம்தான் உண்டு என்றால், அதை மேல்பூச்சில் போடாதீர்கள், எப்பாக்சி பிரைமரில் போடுங்கள். அமிலம் கலந்த எட்ச் பிரைமரின் மேல் நேராக எப்பாக்சி அடிப்பதைப் பல கம்பெனிகள் கூடாது என்கின்றன. டப்பாவில் ஒட்டியிருப்பதைப் படித்துவிட்டு அடிப்பது நல்லது. பட்டி தேவைப்படும் இடத்தில் மெல்லியதாக, தகட்டை முடிந்தவரை தட்டி நேராக்கிய பின். கால் அங்குலப் பட்டி அதிர்ச்சியில் பெயரும். டிராக்டர் அதிராமல் ஓடியதுண்டா?

இனி மேல்பூச்சு. பட்டறைகளில் கேட்டால் மூன்று பெயர் சொல்வார்கள்: என்.சி., சின்தெடிக், பி.யு. என்.சி. எனப்படும் நைட்ரோசெல்லுலோஸ் 1920-களில் டுபான்ட் கம்பெனி 'டியூக்கோ' என்ற பெயரில் கார்களுக்குக் கொண்டுவந்தது. கரைப்பான் பறந்ததும் காய்ந்துவிடும், பாலிஷ் ஏறும். ஆனால் பெட்ரோல் சிந்தினால் கரையும், ஈரக்காற்றில் அடித்தால் வெளுத்துப் பனி படிந்ததுபோல் ஆகும். டிராக்டருக்கு அது பொருத்தமில்லை, ஆலைகள் அதை நாடவுமில்லை.

சின்தெடிக் எனாமல்தான் பழைய டிராக்டரின் இயல்பான பூச்சு. ஆல்கிட் பிசினால் ஆனது. காற்றிலுள்ள ஆக்சிஜனை உறிஞ்சி மெல்ல மெல்ல இறுகும். தொட்டால் ஒட்டாமல் இருக்க அரைநாள் போதும், முழுக்க இறுக வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் டீசல் சிந்தினால் மென்மையாகிச் சுருங்கும். இரண்டாவது கோட்டை எப்போது அடிப்பது என்பதில்தான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். முதல் கோட் இன்னும் ஈரப்பசையாக இருக்கும்போதோ, நன்றாகக் காய்ந்த பின்போ அடிக்கலாம். இடைப்பட்ட நேரத்தில் அடித்தால் கீழே உள்ள பூச்சு ஊறி எழும்பிச் சுருக்கம் விழும். விரைவாகக் காயட்டும் என்று என்.சி. தின்னரோ பெட்ரோலோ ஊற்றி இளக்கினாலும் இதே கதி. பெட்ரோல் என்றால் தீ அபாயம் கொசுறு.

இதே எனாமலோடு ஹார்டனர் கலந்து அடிப்பது இன்று பரவலாகியிருக்கிறது. பளபளப்பு நிற்கும், நாள் குறையும், டாங்க் மூடியைச் சுற்றி டீசல் வழிந்தாலும் பூச்சு தாங்கும். இன்னும் ஒரு படி மேலே, இரண்டு பாகப் பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட்: வெயிலையும் கீறலையும் தாங்குவதில் அதற்கு இணையில்லை. இரண்டிலும் ஹார்டனரின் உயிர் ஐசோசயனேட். போபாலில் 1984-இல் கசிந்த மீதைல் ஐசோசயனேட்டுக்கு இது தூரத்து உறவு. அதுபோல ஒரே இரவில் கொல்லாது, தெளிக்கிறவரின் நுரையீரலை ஒவ்வாமைக்குப் பழக்கும். ஒருமுறை உடம்பு பழகிவிட்டால், அப்புறம் அணுவளவு பட்டாலும் ஆஸ்துமா தாக்கும். வாசனை எச்சரிக்காது, மிதக்கும் துளி கண்ணுக்குத் தெரியாது. பிரிட்டனின் தொழில் பாதுகாப்பு அமைப்பு இதைத் தெளிக்கிறவர் வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தக் காற்று வரும் முகமூடி அணிந்தே தீர வேண்டும் என்கிறது. கரி வடிகட்டி வைத்த முகமூடி போதாது. மூக்கில் கட்டிய துண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஆகவே என் தீர்ப்பு இது. வீட்டுக் கொட்டகையில், தன் கையால் அடிக்கிறவருக்கு ஹார்டனர் இல்லாத நல்ல சின்தெடிக் எனாமலே சரி. பொறுமை ஒன்றுதான் அதன் விலை, ஆலையின் தோற்றத்துக்கும் அதுவே நெருங்கியது. டாங்க், மட்கார்டு போன்ற சில தகடுகளுக்குக் கெட்டித்தன்மை வேண்டும் என்றால், கழற்றி, ஸ்பிரே பூத்தும் காற்று முகமூடியும் உள்ள பட்டறையில் கொடுத்து ஹார்டனர் கலந்து அடித்து வாங்கிக்கொள்ளலாம். தினமும் சேற்றில் இறங்கும் வண்டிக்குப் பி.யு. அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. கல் பட்டுப் பெயர்ந்தால் அதே பொருத்தத்தில் ஒட்டுப்போடுவது கடினம். எனாமல் என்றால் ஒரு பிரஷ் போதும்.

பிரஷ் என்றதும் முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. என்ஜின் பிளாக், கியர்பாக்ஸ், ஆக்சில் போன்ற வார்ப்புகளுக்கு நல்ல பிரஷ் ஸ்பிரேயைவிட மேல். சொரசொரப்பின் குழிகளுக்குள் பெயிண்ட் இறங்கும், மூடி மறைக்கும் வேலை மிச்சம், காற்றில் வீணாவதில்லை. தகடுகளுக்கு மட்டும் ஸ்பிரே. கன்னின் நாசில் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர், பிரைமருக்குச் சற்றுப் பெரியது. ஒரு சாண் தூரத்தில், தகட்டுக்கு நேராக, முந்தைய வீச்சின் பாதியை மூடியபடி கையைச் சீராக நகர்த்த வேண்டும். மணிக்கட்டைச் சுழற்றி வில்போல் வீசினால் நடுவில் வழியும், ஓரத்தில் தூளாகும். கம்ப்ரஸரில் நீர் பிரிப்பான் இல்லாவிட்டால் இத்தனை உழைப்பும் கொப்புளத்தில் முடியும்.

பருவமும் பெயிண்டின் ஒரு பாகம்தான். தகட்டின் வெப்பம், காற்றின் ஈரம் நீராகப் படியும் பனிநிலைக்கு மேல் குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பது பூச்சுத் தொழிலின் பொதுவிதி. ஐப்பசி கார்த்திகையில் நம் டெல்டாவிலோ கடற்கரையிலோ இது அமைவது அபூர்வம். விடியற்காலையில் வெளியில் நின்ற இரும்பு கைக்கே ஈரமாகப் படும். சித்திரை நண்பகலில் நேர்மாறு: தின்னர் வழியிலேயே பறந்துவிட, பெயிண்ட் தூளாக வந்து ஒட்டும். மாசி பங்குனியில், பனி விலகிய பின் வெயில் ஏறும்முன் உள்ள காலை நேரம் உத்தமம். தரையில் நீர் தெளித்துத் தூசியை அடக்கிக்கொண்டால் இன்னும் நல்லது.

எதை அடிக்கக் கூடாது என்ற பட்டியலும் உண்டு: சீரியல் எண் தகடு, கிரீஸ் நிப்பிள், ஹைட்ராலிக் தண்டு, பிரீதர் துளை, எர்த் கம்பி உட்காரும் இடம். ரேடியேட்டருக்குத் தடித்த எனாமல் போர்வையாகிவிடும். மெல்லிய கறுப்பு போதும். சைலன்சரும் மேனிஃபோல்டும் சாதாரண எனாமலைப் பொசுக்கும். அதற்கான வெப்பம் தாங்கும் பெயிண்ட், என்ஜினை ஓட்டிச் சூடாக்கிய பிறகே முழுதாக இறுகும். ஸ்டிக்கரும் எழுத்தும் கடைசி, பூச்சு நன்றாகக் காய்ந்த பின்.

நம் நாட்டில் ஒரு சட்டச் சங்கதியும் இருக்கிறது. வண்டியின் நிறம் ஆர்.சி. புத்தகத்தில் பதிவாகியிருக்கும். சிவப்பு என்று பதிந்த வண்டியை அசலுக்குத் திருப்புகிறேன் என்று சாம்பலாக்கினால், ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அதையும் மாற்றிப் பதிய வேண்டும். போர்க்காலப் பச்சை ஃபோர்ட்சன் கிடைத்த அதிர்ஷ்டசாலிக்கு இன்னொரு எச்சரிக்கை: ஆலிவ் பச்சை, மத்திய மோட்டார் வாகன விதி 121-இன்படி, ராணுவ வண்டிகளுக்கு மட்டுமே உரியது. எந்தப் பச்சை என்பதைச் சாலைக்கு எடுக்கும்முன் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வேலை முடிந்ததும் ஒன்று செய்யுங்கள். எந்தக் கம்பெனிப் பெயிண்ட், எந்த எண், என்ன விகிதத்தில் கலந்தது, அடியில் எந்தப் பிரைமர், எந்த மாதம் அடித்தது, சுரண்டும்போது எந்த இடத்தில் எந்தப் பழைய நிறம் கிடைத்தது என்பதை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு டூல் பாக்ஸில் வையுங்கள். அசல் பூச்சு மிஞ்சிய துண்டு ஏதாவது இருந்தால் அதையும் கூடவே வையுங்கள்.